இறங்கத் தெரியாதவர்க்கு ஏற்றம் எதற்கு?

ஒரு மாலை, செபமாலை முடிந்து கோயில் கதவைச் சாத்தும் வேளையில் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தோளில் புதிய பை, காலில் புதிய காலணி. "இமயமலைக்குப் போறேன், ஃபாதர். ஆறாயிரம் மீட்டருக்கு மேல உள்ள சிகரம். ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார். இதற்கு முன் எந்த மலை ஏறியிருக்கிறாய் என்று கேட்டேன். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு இரண்டு முறை ஏறியதாகச் சொன்னார். அழைத்துப் போகிறவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "முன் அனுபவம் தேவையில்ல, ஆர்வம் இருந்தாப் போதும்னு சொன்னாங்க" என்றார். இறுதியாக ஒன்று கேட்டேன்: "சிகரத்துக்கு இன்னும் இருநூறு அடி இருக்கிறது. தலை இடிக்கிறது. மேகம் கவிகிறது. அப்போது யார் சொன்னால் திரும்புவாய், தம்பி?" அவரிடம் விடை இல்லை. ஆசீர்வதித்து அனுப்பினேன். கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

அவர் திரும்பி வந்தார். சிகரத்தைத் தொடாமலே வந்தார். ஐயாயிரம் மீட்டரைத் தாண்டியதும் தலைவலி தாங்க முடியாமல் போய், நடையும் தள்ளாடியதாம். உடன் வந்த உள்ளூர் வழிகாட்டி கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாராம். உயிரோடு வந்த பிள்ளையை ஊர் எப்படி வரவேற்றது தெரியுமா? தேநீர்க் கடையில் அவருக்கு 'பாதி மலை' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். பெற்ற தகப்பனாரே, "இம்புட்டுக் காசைக் கொட்டிப் போயிட்டு, பாதியிலயா வருவாங்க?" என்று என்னிடம் வந்து கசந்துகொண்டார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பட்டப்பெயரும் அந்தக் கசப்பும்தான். இறங்கி வருவதை இழிவென்று எண்ணும் இந்த மனப்பாங்கே மலைகளில் மனிதரைக் கொல்கிறது என்பது என் குற்றச்சாட்டு. இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்லப் போகிறேன். வாசகர்கள் பொறுத்தருள்க.

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் வாழும் எங்களுக்கு இந்தப் பாடத்தைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து ஒரு குழு. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டங்களின் உச்சியைக் கண்டுவிட்டுக் குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கவனியுங்கள்: இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏற்றம் நல்லபடியாக முடிந்துவிட்டது. படம் எடுத்தாயிற்று. இனி வீடுதான் என்ற நிம்மதி. பங்குனி வெயிலை எதிர்நோக்கும் அந்த நாட்களில் சரிவெங்கும் புல் சருகாகக் காய்ந்து நிற்கும். அதில் தீ பற்றியது. சிலர் மேலே ஓடினார்கள், சிலர் பள்ளத்தில் குதித்தார்கள். 23 உயிர்கள் போயின. சிலர் அந்தச் சரிவிலேயே மாண்டார்கள். மற்றவர்கள் தீக்காயங்களோடு மருத்துவமனைகளில் போராடி ஒவ்வொருவராக இறந்தார்கள். மறுநாள் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் அவற்றுக்கு முன், முதல் நாளே, மேலே ஏறிச் சென்று போர்வைகளில் கிடத்திக் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்கள் குரங்கணியையும் சுற்றியுள்ள குடிகளையும் சேர்ந்த எளிய மக்கள்.

சரிவில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்பது மறைபொருள் அன்று. தீ மேல்நோக்கி ஓடும். அதன் அனல் மேலுள்ள புல்லை முன்கூட்டியே காயவைக்கும். சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் அறிந்த கணக்கு. மனிதனுக்கோ ஏற்றத்தில் வேகம் குறைகிறது. ஆகவே மேல்நோக்கி ஓடுவது பந்தயத்தில் தோற்பதற்கென்றே ஓடுவது. முன்பே எரிந்து கருகிய தரை, புல் முளைக்காத பாறை, நீரோடை ஆகியவையே புகலிடம். இதை அந்த இளையோரில் எத்தனை பேருக்கு எவர் சொல்லியிருப்பார்? புதியவர்களை நான் குறை கூறவில்லை. புதியவர் என்ற சொல்லுக்கே தெரியாதவர் என்றுதான் பொருள். தெரிந்தவர் என்று முன்னே நடப்பவரிடமே என் வழக்கு.

அந்தத் துயரத்துக்குப் பின் மூன்று குரல்களைக் கேட்டேன். மூன்றும் தவறு என்பேன்.

முதல் குரல்: "பொம்பளப் பிள்ளைகளுக்கு மலையில என்ன வேலை?" இறந்தவர்களில் பலர் பெண்களாக இருந்ததால் எழுந்த குரல் இது. இதைச் சொன்னவர்களைப் போடியின் தெருக்களுக்கு விடியற்காலையில் அழைக்கிறேன். போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுகிறவர்கள் யார்? பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில், மழையில் கொங்காணி போட்டுக்கொண்டு, அட்டைக்கடியோடு குனிந்து காய் எடுக்கிறவர்கள் யார்? நம் தாய்மார்கள் அல்லவா! அவர்களுடைய ஜீப் கவிழும்போது, "இவர்களுக்கு மலையில் என்ன வேலை?" என்று எவரும் கேட்பதில்லை. கூலிக்காகப் பெண் மலையேறலாம், மகிழ்ச்சிக்காக ஏறக்கூடாது என்பதுதான் இந்தக் குரலின் உட்பொருள். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் எவரெஸ்டின் உச்சியில் நின்றார். எவரெஸ்டை எட்டிய முதல் தமிழ்ப் பெண் அவரே. மலை ஆண், பெண் பார்ப்பதில்லை. ஆயத்தமானவரா, ஆகாதவரா என்று மட்டுமே பார்க்கிறது.

இரண்டாம் குரல்: "எல்லாம் ஆண்டவர் சித்தம்." ஒரு குருவாகிய நான் இதைக் கேட்டு வெட்கினேன். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து மாண்டவர்களைப் பற்றி நம் ஆண்டவர் பேசியபோது, அவர்கள்மீது பழி சுமத்த அவர் இடங்கொடுக்கவில்லை. கேட்டவர்களின் மனமாற்றத்தையே வலியுறுத்தினார். நாமோ மனம் மாறாமலிருக்க வழி தேடி இறைவன் பெயரைப் பயன்படுத்துகிறோம். தண்ணீர் போதாமல் அழைத்துச் சென்றது ஆண்டவர் சித்தமா? தீ எரியும் பருவத்தில் காய்ந்த புல்லுக்குள் நடத்தியது ஆண்டவர் சித்தமா? மனிதர் செய்யத் தவறியதை இறைவன் கணக்கில் எழுதுவது பக்தியாகாது. அது பொய்ச்சாட்சி.

மூன்றாம் குரல்: "மலைப்பாதைகளையே மூடிவிடுங்கள்." மூடினார்கள். பிறகு அதே 2018-இல் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளைத் தெரிந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. அவர்களில் பழங்குடி இளைஞர்கள் பலர். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவைக்கிறார்கள். இது நன்று என்பேன். மலையை அடைத்துவிட்டால் திருட்டுத்தனமாக ஏறுவார்கள், அப்போது வழிகாட்டியும் இருக்கமாட்டார். தடை போடுவதைக் காட்டிலும் ஒழுங்கு கற்பிப்பது கடினம். ஆனால் அதுவே கடமை.

பிறரைக் குற்றஞ்சாட்டும் நான் யார்? அதையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்த கையோடு பங்கு இளையோர் முப்பது பேரைக் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு அழைத்துச் சென்றேன். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவழித் தொட்டிகளில் கொட்டகுடிக்கு இறங்கிய கதையையும், 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்த கதையையும் வழியெல்லாம் பெருமையோடு சொல்லிக்கொண்டு போனேன். வரலாறு தெரிந்திருந்தது, மலை தெரியவில்லை. தலைக்கு ஒரு சிறு புட்டித் தண்ணீர். புறப்பட்டதே வெயில் ஏறிய பிறகு. உச்சியை அடைந்து, உண்டு, பாட்டுப் பாடி, இறங்கத் தொடங்கும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. குறுக்கு வழி என்று நான் காட்டிய தடம் ஒரு பள்ளத்தில் போய் முடிந்தது. பாடகர் குழுப் பெண் ஒருத்தி மயங்கி உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு தூரம் என்று எனக்கே தெரியாது. கீழே போடியின் விளக்குகள் கையெட்டும் தொலைவில் மின்னின. அவற்றை நோக்கி நேரே இறங்கிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

அப்போது டார்ச் வெளிச்சம் ஒன்று பக்கவாட்டில் வந்தது. எங்கள் குரல் கேட்டு வந்த முதுவர் குடிப் பெரியவர் அவர். என் திட்டத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "பொழுது சாய்ஞ்சா கீழ எரியிற லைட்டு கிட்டக்க இருக்கிற மாதிரிதான் தெரியும், சாமி. அத நம்பி எறங்கக் கூடாது" என்றார். நாங்கள் இறங்கவிருந்த இடத்துக்குக் கீழே டார்ச்சை அடித்துக் காட்டினார். செங்குத்தான பாறை. அன்றிரவு அவருடைய குடியில் கஞ்சி குடித்துப் படுத்தோம். விடிந்தபின் அவரே வழி காட்டி இறக்கிவிட்டார். முப்பது வீடுகளில் அன்றிரவு எவரும் உறங்கவில்லை. மறுநாள் பெற்றோர்கள் என்னைத் திட்டாமல், "ஃபாதர் கூடத்தானே போயிருக்காங்கன்னு தைரியமா இருந்தோம்" என்று சொன்னார்களே, அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது. அவர்கள் நம்பியது என் அங்கியை. மலையில் அங்கிக்கு என்ன அறிவு இருக்கிறது?

இது என் ஒருவனுடைய குற்றமன்று, பழைய குற்றம். 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலைகளின் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எழுவர் எட்டினர். அக்குழுவில் ஹேடோ என்னும் பத்தொன்பது வயது இளைஞர் இருந்தார். மலைப் பழக்கம் குறைந்தவர். அவரைச் சேர்க்கலாமா என்ற ஐயம் எழுந்தபோது, அவருக்காக உறுதி கூறியவர் ஹட்சன் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர். தேர்ந்த மலையேறிதான் அவர். ஏற்றம் வெற்றியாயிற்று. இறங்கும்போது ஹேடோவின் கால் வழுக்கியது. முன்னே சென்ற வழிகாட்டியை இடித்துத் தள்ளி, ஒரே கயிற்றில் பிணைந்திருந்த ஹட்சனையும் மற்றொருவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர், மூவர் பிழைத்தனர். புதியவருக்கு உறுதி கூறிய குருவானவர் அவ்வுறுதிக்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார். இன்று "ஆர்வம் இருந்தால் போதும்" என்று உறுதி கூறுகிறவர்கள் எதை விலையாகக் கொடுக்கிறார்கள்?

இமயத்துக்குப் போகத் துடிக்கும் நம் பிள்ளைகள் ஓர் உண்மையை அறிய வேண்டும். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். உதகையின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். கொழுக்குமலை இவற்றிலும் தாழ்ந்தது. உயர்மலை நோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவதோ 2,500 மீட்டருக்கு மேல். ஆகவே நம் ஏலமலைகள் நம் கால்களுக்குப் பயிற்சி தரலாம். இரத்தத்துக்கும் மூச்சுக்கும் தர இயலாது. 5,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி. அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு பாதிதான். உடல் இதற்குப் பழகும், ஆனால் மெல்லத்தான் பழகும். 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்ந்திருங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். விமானத்தில் லே நகரில் இறங்கினால் இறங்கிய இடமே ஏறத்தாழ 3,500 மீட்டர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, ஒரு வார விடுமுறைக்குள் ஆறாயிரம் மீட்டர்ச் சிகரம் என்னும் விளம்பரத்தைப் படியுங்கள். மிச்சப்படுத்தப்படும் நாட்கள் யாருடைய ஆயுளிலிருந்து எடுக்கப்படுகின்றன என்பது விளங்கும்.

உடல் வலிமையுள்ளவனை அந்நோய் விட்டுவிடும் என்று எண்ணவேண்டாம். வலிமையுள்ள இளைஞன் வேகமாக ஏறுகிறான், ஆகவே விரைந்து நோயுறுகிறான். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்று தொடங்கும். பொருட்படுத்தாமல் ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். நேர்கோட்டில் நடக்க இயலாமல் தள்ளாடுவது மூளை வீக்கத்தின் அடையாளம். பிராணவாயுவும் மருந்துகளும் உண்டு. ஆனால் அவை நேரம் வாங்கித் தருபவை. உண்மையான மருந்து ஒன்றே: உடனே கீழே இறங்குவது. ஆம், நம் தேநீர்க் கடைகள் எள்ளி நகையாடும் அதே இறக்கம்! 'பாதி மலை' என்று பெயர் சூட்டப்பட்ட எங்கள் பையன், தனக்கு வேண்டிய மருந்தை வேண்டிய நேரத்தில் உட்கொண்டவன்.

"முறையாகப் பயிற்சி பெற்றால் அபாயம் இல்லையே?" என்பார்கள். பயிற்சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. டார்ஜிலிங்கில் 1954 முதலும் உத்தரகாசியில் 1965 முதலும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் நடக்கின்றன. அடிப்படைப் பயிற்சிக்கே ஏறக்குறைய நான்கு வாரங்கள் பிடிக்கும். ஒரு வாரத்தில் சிகரம் விற்பவர்களை இத்தோடு ஒப்பிடுங்கள். ஆனால் பயிற்சியும் தாயத்து அன்று. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்தில், உத்தரகாசி நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. மாண்டவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்டையும் மக்காலுவையும் பதினாறு நாளுக்குள் ஏறியவர். 2024 ஜூனில், கர்நாடகத்தினர் பெரும்பான்மையாக இருந்த 22 பேர் குழு ஒன்று சகஸ்திர தால் ஏரிப் பாதையில் கடுங்குளிர்க் காற்றில் சிக்கியது. ஒன்பது பேர் திரும்பவில்லை. அது சிகரமும் அன்று, நடைப்பாதைதான். எளிது, கடினம் என்னும் தரங்களெல்லாம் வானம் தெளிந்த நாளுக்கு உரியவை. வானம் கெட்ட நாளில் எளிய பாதை என்று ஒன்று இல்லை.

அப்படியானால் குருவே, மலை ஏறாதே என்கிறீரா? இல்லை. ஒருபோதும் இல்லை. மலையை நேசித்த ஒருவரைத் திருச்சபை பேதுருவின் இருக்கையிலேயே அமர்த்தியிருக்கிறது. திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், அக்கீல் ராத்தி என்னும் பெயருடைய இளங்குருவாக இருந்தபோது, 1889-இல், மோந்தே ரோசா மலையின் கிழக்கு முகத்தின் வழியாக அதன் உச்சியை அடைந்தார். உடன் குருத்தோழர் ஒருவரும் அனுபவமிக்க வழிகாட்டிகளும் இருந்தனர். உச்சிக்கு அருகே ஒரு பாறை விளிம்பில், உறங்கினால் உறைந்துவிடுவோம் என்று விழித்தபடி இரவைக் கழித்தார்கள். திருத்தந்தையான பின், 1923-இல், மெந்தோன் நகரப் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அந்தப் புனிதர் யார்? சிகரங்களை வென்றவர் அல்லர். ஆல்ப்ஸ் கணவாயில் பனியில் சிக்கிய வழிப்போக்கர்களுக்காக விடுதி அமைத்தவர். மலையேறுவோருக்குப் பாதுகாவலராகத் திருச்சபை தேர்ந்தது, மனிதரை உயிரோடு கீழே சேர்ப்பதில் அக்கறை கொண்ட ஒருவரை.

குருமடத்தில் எங்களுக்கு ஒன்று கற்பித்தார்கள்: மனத்திடம் என்னும் புண்ணியத்துக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று கோழைத்தனம், மற்றொன்று மூடத்துணிச்சல். இரண்டுக்கும் நடுவே வழி காட்டுவது விவேகம். நம் காலம் முதல் பகையை மட்டுமே அறிந்திருக்கிறது. மூடத்துணிச்சலுக்கு 'சாதனை' என்று பெயர் வைத்து மாலை போடுகிறது. கோயில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதகனும் ஒரு சாதனையைத்தான் முன்வைத்தான். ஆண்டவர் குதிக்க மறுத்தார். அது கோழைத்தனம் என்று எவரேனும் சொல்வோமா?

ஆகவே சிலவற்றை வெளிப்படையாகக் கேட்கிறேன். அழைத்துச் செல்வோரே: எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்பதைப் புறப்படும் முன்பே அறிவியுங்கள், அந்த மணி அடித்தபின் சிகரம் பத்தடியில் இருந்தாலும் திரும்புங்கள். உள்ளூர் மக்களைச் சுமை தூக்க மட்டும் அழைக்காதீர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இளையோரே: "எனக்கு முடியவில்லை" என்று உரக்கச் சொல்லப் பழகுங்கள். அதைச் சொல்ல இயலாத குழுவோடு புறப்படாதீர்கள். பெற்றோரே: செலவான பணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள், பிள்ளை வீடு வந்த கணக்கைப் பாருங்கள். என் உடன் குருக்களே: ஆசீர்வாதம் கேட்டு வரும் பிள்ளையிடம், எப்படித் திரும்புவாய் என்று கேட்டபின் கையை உயர்த்துவோம். விடை இல்லையென்றால் விடை கிடைக்கும்வரை போகவிடாமல் இருப்போம். அந்த மாலையில் நான் அதைச் செய்யவில்லை. பெயர் தெரியாத ஒரு வழிகாட்டி எனக்காக அதைச் செய்தார்.

சென்ற ஞாயிறு பங்கு இளையோர் கூட்டத்தில் 'பாதி மலை'யைப் பேசவைத்தேன். முதலில் கூசினார். பிறகு, எந்த இடத்தில் தலைவலி தொடங்கியது, அதை எத்தனை மணி நேரம் மறைத்தார், வழிகாட்டி எப்படிக் கண்டுபிடித்தார் என்றெல்லாம் விரிவாகச் சொன்னார். அடுத்த ஆண்டு முதலில் பயிற்சிக்குப் போவதாகவும் சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய தகப்பனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் ஒன்றும் பேசாமல் மகனுடைய பையை வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.